குப்பையை நிறுத்துப் பார்த்த கதை

பாடசாலை விஞ்ஞான கூடத்திலிருந்து, கொளுவி நிறுக்கும் விற்றராசு ஒன்றை ஒரு வாரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டபோது, எதற்கு என்று அதிபர் கேட்டார். எங்கள் வீட்டுக் குப்பையை நிறுக்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார். சுற்றாடல் முன்னோடி அணிக்குப் பொறுப்பாக இருந்த ஆறு ஆண்டுகளில், பொலித்தீனைத் தவிர்ப்போம், மின்சாரத்தைச் சேமிப்போம் என்று பிள்ளைகளைக் கொண்டு எத்தனையோ சுவரொட்டிகளை வரைவித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நாளில்தான் பத்தாம் தர மாணவி ஒருத்தி, "டீச்சர், உங்கட வீட்டில ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை வரும்?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை; அறிய விரும்பியே கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

திருகோணமலைப் பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்: நான், கணவர், உயர்தரம் படிக்கும் மகன், எட்டாம் தரத்து மகள், மாமி. பின் விறாந்தையில் நான்கு பைகளைத் தொங்கவிட்டேன். சமையற் கழிவு ஒன்றிலும், பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் ஒன்றிலும், கடதாசி ஒன்றிலும், போத்தலும் தகரமும் ஒன்றிலுமாகச் சேர்த்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் விற்றராசில் கொளுவி நிறுத்துக் கொப்பியில் எழுதினோம். குப்பைக்கும் நிறுவை பிடிக்கும் காலம் வந்துவிட்டது என்று மாமி முதல் நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், "இண்டைக்கு எவ்வளவு?" என்று அவரே கேட்டார்.

ஏழு நாள் முடிவில் மொத்தம் பதினாறரைக் கிலோ. அதில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சமையற் கழிவு: தேங்காய்ப்பூச் சக்கை, மரக்கறித் தோல், மீன் செதிலும் குடலும், மிஞ்சிய சோறு. எங்கள் சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் வில்லனாக நின்ற பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தன. ஆனால் அந்த ஒரு கிலோ இரண்டு பெரிய உரப் பைகளை நிறைத்துப் புடைத்துக்கொண்டு நின்றது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதும் நிறையில் பெரிதாக இருப்பதும் வேறு வேறு என்பதை, தரம் ஆறில் கனவளவும் திணிவும் படிப்பிக்கிற நான், என் சொந்த விறாந்தையில் அன்றுதான் கண்டேன்.

இதைச் சொல்வதால் பொலித்தீன் சின்ன விடயம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் கேடு அதன் நிறையில் இல்லை, அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் எவரும் பிரட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான்களைப் பார்த்திருப்பார்கள். கோட்டைக்குள் மட்டுமல்ல, கடற்கரையிலும் கடைகளுக்குப் பின்னாலும் அவை ஆடுமாடு போலத் திரிகின்றன. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோயிலிலிருந்து இறங்கி வரும்போது ஒரு பெண்மான் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றைச் சுற்றியிருந்த பொலித்தீன் தாளை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. பருப்பின் மஞ்சள் கறை அந்தத் தாளில் அப்படியே இருந்தது. மகள் ஓடிப்போய் இழுக்க முயன்றாள். மான் விலகி நின்று, அவளைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் விழுங்கிவிட்டது. உப்பும் எண்ணெயும் ஊறிய தாளைச் சோற்றிலிருந்து பிரித்தறிய அதற்குத் தெரியாது. வயிற்றுக்குள் போனது சமிக்காமலும் வெளியேறாமலும் கட்டியாகிக் கிடக்கும். எங்கள் மாகாணத்திலேயே அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் இப்படியே இறந்தன.

சட்டம் இல்லாமலில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாம் திகதியிலிருந்து சாப்பாடு சுற்றும் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021இல் சிறு சசே பைக்கற்றுகளில் பலவும், 2023 ஒக்ரோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, கோப்பை, பூமாலை ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பரிலிருந்து கடையில் சொப்பிங் பை இலவசமில்லை. இவற்றில் எங்கள் சமையலறைக்குள் உண்மையாகவே வந்து சேர்ந்த மாற்றம் இடியப்பத் தட்டு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மாமி பரணில் வைத்திருந்த பிரம்புத் தட்டுகளை இறக்கிக் கழுவி வெயிலில் வைத்தார். பிளாஸ்டிக் தட்டில் அவித்த இடியப்பத்துக்கு இந்த மணம் இருந்ததில்லை என்று இப்போது ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். முன்பு பிளாஸ்டிக் தட்டுக்கு மாறிய காலத்தில் இதே மாமிதான் பிளாஸ்டிக் கழுவச் சுகம் என்று சொன்னவர் என்பதை நாங்கள் யாரும் நினைவூட்டுவதில்லை.

சொப்பிங் பையில் எங்களுக்குக் கடைசிவரை சவாலாக இருந்தது மீன். அரிசிக்கும் பருப்புக்கும் துணிப்பை போதும். மீனைத் துணிப்பையில் வாங்கிப் பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்பதை ஒரு தடவை அனுபவித்துவிட்டேன். சூடை மீனின் தண்ணீர் பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, முன் இருக்கைக்காரரின் செருப்பு வரை போனது. அக்காலத்தில் மீன் வாங்க உமல் இருந்தது என்று மாமி சொன்னார். பனையோலையில் இழைத்த அந்தப் பையில் தண்ணீர் வடியத்தான் செய்யும், ஆனால் அப்போது எல்லோரும் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள், தெருவில் வடிந்தால் யார் கேட்பது? ஆகவே உமலைக் கொண்டாடுவதோடு விடயம் முடியவில்லை. மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஐஸ்கிறீம் வாளி ஒன்றைக் கொண்டுபோகத் தொடங்கினேன். மீன்காரர் முதலில் அதை ஏற்கவில்லை. வாளியோடு நிறுத்தால், தான் ஏமாற்றுவதாக நான் நினைப்பேன் என்று அவருக்குக் கூச்சம். இப்போது வாளியை வெறுமையாக முதலில் தராசில் வைத்து, அதன் நிறையைக் கழித்தே மீனைப் போடுகிறார். அருகில் நிற்கும் இன்னும் இரண்டு பெண்கள் வாளியோடு வருகிறார்கள் என்று அண்மையில் சொன்னார். எத்தனை சுவரொட்டி ஒட்டியும் எனக்குக் கிடைக்காத வெற்றி அது.

இனி, அந்தப் பன்னிரண்டு கிலோவுக்கு வருகிறேன். சமையற் கழிவு தானே, உக்கிப் போய்விடும் என்று நெடுநாள் நானும் நம்பியிருந்தேன். எங்கே உக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றோட்டமுள்ள குவியலில் உக்கினால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு வெளிவரும். இலையும் காயும் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த காபன்தான் அது. அதையே பையில் கட்டிக் குப்பைமேட்டின் அடியில் புதைத்தால், ஒட்சிசன் கிடையாத இடத்தில் வேறு நுண்ணங்கிகள் வேலை செய்து மெதேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மெதேன் ஒரு கிலோ, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு அளவில். 2022இல் உலகம் முழுவதும் 105 கோடித் தொன் உணவு வீணாகியது என்றும் அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் கணக்கிட்டிருக்கிறது. ஹோட்டலும் கலியாண மண்டபமும்தான் வீணாக்குகின்றன என்று நினைத்திருந்த எனக்கு, அந்தக் கணக்கும் என் விறாந்தைக் கணக்கும் ஒன்றையொன்று ஒத்திருந்தது வெட்கமாக இருந்தது.

கூட்டெரு போடுவது என்று முடிவெடுத்தேன், முதல் மாதமே தோற்றேன். மூடியுள்ள நீலப் பீப்பாய் ஒன்றில் சமையற் கழிவு அனைத்தையும், மீன் குடல் உட்பட, கொட்டி மூடிவைத்தேன். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தபோது வந்த நாற்றம் பக்கத்து வளவு வரை போய், அங்கிருந்து ஒரு தூது வந்தது. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது, அடியில் கறுப்புத் தண்ணீர் நின்றது. குப்பைமேட்டில் நடக்கும் அதே இரசாயனத்தைத்தான் நான் என் வளவில் சின்ன அளவில் நடத்திக்கொண்டிருந்தேன்: ஈரம் மிகை, காற்று இல்லை. பீப்பாயின் பக்கத்திலும் அடியிலும் துளையிட்டு, ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு என்று மாறிமாறி அடுக்கி, வாரம் ஒரு தடவை கிளறத் தொடங்கிய பிறகு நாற்றம் நின்றது. கையை உள்ளே வைத்தால் சூடு தெரியும். அந்தச் சூட்டை மாணவர்களுக்கு வெப்பமானி வைத்துக் காட்டினேன். மீன் குடலைப் பீப்பாயில் போடுவதை விட்டுவிட்டு, வாழையடியில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வைக்கிறோம். கல் வைக்காத முதல் நாளில் தெருநாய்கள் வாழையையும் சேர்த்துத் தோண்டிவிட்டன.

சருகுக்கு எங்கே போவது என்று நான் தேடவேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் அதிகாலையில் வளவைக் கூட்டி, வேம்பிலையும் மாவிலையும் ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைப்பது எங்கள் ஊரின் வழக்கம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சருகு கொட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தரை மணிக்கு ஒழுங்கை முழுவதும் புகை படர்ந்திருக்கும். அந்தக் குவியலுக்குள் ரொபித் தாளும் பால்மாப் பைக்கற்றும் சேர்ந்தே எரியும். பிளாஸ்டிக்கைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் நச்சுப் புகை வரும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மாமி வைக்கும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தவள் நான். சருகு பீப்பாய்க்குத் தேவை என்று ஆனதும் நெருப்பு தானாக நின்றது. எரிக்காதே என்று சொன்ன பத்து ஆண்டுகளில் நிற்காதது, அது ஒரு பொருளாக மாறியதும் நின்றுவிட்டது. மாமி இப்போது பக்கத்து வீட்டுச் சருகையும் கேட்டு வாங்குகிறார்.

வீட்டில் பழகிய இந்த நிறுவையை வகுப்புக்குக் கொண்டுபோனபோது, மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மாணவரும் தங்கள் வீட்டு மின்மானியை இரவு ஒரே நேரத்தில் முப்பது நாள் வாசித்து எழுதவேண்டும். இதற்கு விற்றராசும் வேண்டாம். கருவி ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் தொங்குகிறது. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு என்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், பிள்ளைகள் துப்பறிவாளர்களாகிவிடுகிறார்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் மானி ஓடுவது ஏன் என்று தேடி, யாரும் பார்க்காத பின் அறையில் செருகியிருந்த பழைய குளிர்சாதனப் பெட்டியை ஒரு மாணவன் கண்டுபிடித்தான். அதற்குள் இருந்தது ஒரு போத்தல் தண்ணீரும் பாதித் தேசிக்காயும் மட்டுமே.

எங்கள் வீட்டுக் குற்றவாளி மின்கேத்தல். ஒன்றரை லீற்றர் நீரை முப்பது பாகையிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ எட்டிலொரு அலகு தேவை. இரண்டு தேநீருக்குத் தேவையான நீர் முந்நூறு மில்லிலீற்றர். நாங்களோ ஒவ்வொரு தடவையும் கேத்தலை நிரப்பிக் கொதிக்கவைத்து, இரண்டு தேநீர் ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்தின் பின் மறுபடி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தோம். நாளுக்கு நான்கு தடவை என்றால் மாதம் பன்னிரண்டு அலகு வரை வெறும் ஆவி. விருந்தினருக்கு மட்டும் என்று கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்த சுடுநீர்ப் பிளாஸ்க்கை வெளியே எடுத்தோம், வேறெதுவும் செய்யவில்லை. மாதம் அறுபது அலகைத் தாண்டினால் கட்டணத்தின் அளவுகோலே மாறிவிடுவதால், எல்லைக்கு அருகில் நிற்கும் வீடுகளுக்கு இந்தப் பன்னிரண்டு அலகு பணமாகவும் பெரிது.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்த கேள்வி இது. மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். கூரைகளில் உள்ள சூரியத் தகடுகள் அந்நேரம் உறங்கிவிடும். நீர்த்தேக்கத்தோடு 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும், எண்ணெய் எரிக்கும் இயந்திரங்களும் பாரத்தைச் சுமக்கும். பகலிலோ நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின் உற்பத்தியைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் முழு நாடும் இருண்டதும் நினைவிருக்கும். குரங்கைப் பற்றிய பகிடிகள் நீண்டநாள் ஓடின. பகலில் சூரிய மின் பங்கு கூடி, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைந்திருந்ததால் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்ற விளக்கத்தைக் கேட்டவர்கள் குறைவு.

இதில் பாடசாலைப் பிள்ளை உள்ள வீடு எதுவும் செய்யக்கூடியது வெள்ளைச் சீருடையில் இருக்கிறது. இரவு ஏழரை எட்டு மணிக்கு, செய்தி ஓடும் நேரத்தில், ஊர் முழுவதும் மின்னழுத்தி சூடாகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டைக்காக ஆயிரம் வாட். ஞாயிறு நண்பகலில் கிழமைக்கான ஐந்து சட்டையையும் ஒரே சூட்டில் மினுக்கிவைத்தால், மின்னழுத்தியை மேலும் நான்கு தடவை சூடாக்கும் செலவும் மிச்சமாகும், வேலையும் வெயில் மின்சாரத்தில் நடக்கும். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் நேரத்தை மாற்றியதற்காகச் சதமும் குறையாது என்பதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னேன். அதைச் சொன்ன பிறகும் பாதிப்பேர் மாற்றினார்கள். திங்கட்கிழமை இரவில் நிம்மதி என்பதே காரணம்.

திருகோணமலைக்காரருக்கு இந்த நிலக்கரிப் பேச்சு தூரத்துச் செய்தியன்று. மூதூர்ப் பக்கம் சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டும் திட்டம் பல ஆண்டுகள் தலைக்கு மேல் தொங்கி, 2016இல் கைவிடப்பட்டது. 2006இல் போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் காலம் கழித்த மக்களின் காணிக் கதை அதனோடு பின்னிக் கிடக்கிறது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்து தொடக்கிவைத்தார்கள். நாங்கள் எந்நேரம் எவ்வளவு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே எதைக் கட்டுவது என்று மேலே தீர்மானிக்கிறார்கள் என்று சொன்னால், சம்பூரில் உறவினர் உள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

எனக்கு விழுந்த பெரிய அடியும் இந்த மின்மானிப் பாடத்தில்தான். வீட்டிலுள்ள சாதனங்களை நிரப்பும்படி பதினான்கு வரிசை உள்ள தாள் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தேன்: குளிரூட்டி, சலவை இயந்திரம், நுண்ணலை அடுப்பு என்று அது தொடங்கியது. கடலோரத்திலிருந்து வரும் மீன்பிடிக் குடும்பத்து மாணவன் ஒருவன் பதினொரு வரிசையில் "இல்லை" என்று ஒழுங்காக எழுதியிருந்தான். மாதப் பாவனை 28 அலகு. அடியில், "எங்கள் வீட்டில் குறைப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை, டீச்சர். மன்னிக்கவும்" என்று இருந்தது. அந்த "மன்னிக்கவும்" என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. ஒரு விளக்கின் கீழ் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு மின்சாரம் கூடத்தான் வேண்டுமே தவிரக் குறையக்கூடாது. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு சராசரி ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நான்கரைத் தொன்னுக்கு மேல். அந்த ஒரு தொன்னுக்குள்ளும் என் வீட்டுப் பங்கும் அவன் வீட்டுப் பங்கும் ஒன்றல்ல.

சூழலியல் தடம் என்ற கருத்தை 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றீஸும் மதிஸ் வக்கர்நாகலும் உருவாக்கியபோது, ஒரு நகரமோ நாடோ வாழ எவ்வளவு நிலமும் கடலும் தேவைப்படுகிறது என்பதே அவர்கள் கேள்வி. உன் தனிப்பட்ட காபன் தடம் என்ன என்று ஆளைப் பார்த்துக் கேட்கும் பழக்கத்தை 2000களின் நடுப்பகுதியில் விளம்பரமாகப் பரப்பியது பிபி எண்ணெய்க் கம்பனி. எண்ணெய் விற்பவர் வாங்குபவரிடம் கணக்குக் கேட்ட அந்தத் தோரணை, என் பதினான்கு வரிசைத் தாளிலும் எனக்குத் தெரியாமலே புகுந்திருந்தது. தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது வெற்றுத்தாள்தான் கொடுக்கிறேன். வீட்டில் எது வீணாகிறது என்பதோடு, வீட்டுக்கு எது போதாமல் இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்கிறேன். அந்த மாணவன் தன் வீட்டுச் சிரட்டை, பொச்சு, மீன் கழிவு எதுவும் வெளியே போவதில்லை என்று இரண்டு பக்கம் எழுதி வந்தான். வகுப்பில் அதை வாசித்தபோது பிளாஸ்க் கதையைவிட அதற்குத்தான் கேள்விகள் கூட வந்தன.

2022ஐ நினைத்தாலும் இதே எண்ணம்தான். கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பத்து மணி நேரத்துக்கு மேலான மின்வெட்டு என்று நாடே தன் தடத்தைக் குறைத்த ஆண்டு அது. எங்கள் வீட்டிலும் விறகடுப்பு மூட்டினோம். மாமியின் இருமல் மூன்று மாதம் நிற்கவில்லை. அந்தக் குறைப்பை எவரும் மாணவருக்கு முன்மாதிரியாகக் காட்டிவிடக் கூடாது.

மாணவர் தாங்களாகவே செய்யக்கூடியவற்றில் எனக்குப் பிடித்தது கொப்பிக் கணக்கு. டிசெம்பரில் வகுப்பு முடியும்போது ஒவ்வொரு கொப்பியிலும் வெற்றுத்தாளை எண்ணச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளிடம் இருந்து சேர்ந்த தாள்களைக் கோணி ஊசியால் தைத்தபோது, அடுத்த தவணைக்குச் செய்கை எழுத எல்லோருக்கும் ஒவ்வொரு தடித்த கொப்பி கிடைத்தது. ஜனவரியில் கொப்பிக்குப் பொலித்தீன் உறை போடாமல் பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்டோம். எழுதி முடிந்த தாள்கள் எங்கள் சிறுவயதில் கச்சான் சரையாகிவிடும். கோயிலடியில் வாங்கிய கச்சானைத் தின்று முடித்ததும் சரையை விரித்து, முகம் தெரியாத ஒருவரின் பிழையான கணக்கைத் திருத்திக்கொண்டு நடந்திருக்கிறேன். ஆசிரியையாகப் போகிறேன் என்பதற்கு அது அறிகுறியாக இருந்திருக்கலாம்.

மகனின் ரியூசன் வேறு கதை. கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து, மறுபடி போய் ஏற்றிவருவார். மூன்று கிலோமீற்றர்த் தூரம் ஒவ்வொரு வகுப்புக்கும் பன்னிரண்டு கிலோமீற்றராக நீண்டது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும் என்றேன். முக்கால் கிலோ நிறையுள்ள பெற்றோலிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று மகன் சண்டைக்கு வந்தான். பன்னிரண்டு கிராம் காபன் காற்றிலிருந்து முப்பத்திரண்டு கிராம் ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்கிறது என்று அவனே எழுதிப் பார்த்த பிறகு அடங்கினான். இப்போது சைக்கிளில் போகிறான். மாரி மழை தொடங்கினால் பழையபடி மோட்டார் சைக்கிள்தான். அதற்காக நான் வாதாடுவதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இவற்றையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எழுந்தார். "பைக்கற்றைக் கழுவிக் காயவைக்கிறதும் நான், தரம் பிரிக்கிறதும் நான், வாளி தூக்கிக்கொண்டு மீனுக்குப் போறதும் நான்தானே டீச்சர்? பிள்ளைக்குப் பச்சைப் பதக்கம், எனக்கு இடுப்பு நோ." கூட்டம் சிரித்தது, ஆனால் அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. சுற்றாடல் முன்னோடிக்குப் பச்சை, வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகப் பதக்கம் உண்டு. அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் எத்தனை அம்மாக்களின் வேலை இருந்திருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. அன்றிலிருந்து பதிவுக் கொப்பியில் ஒரு நிரலைக் கூட்டினோம்: இந்த வேலையை வீட்டில் யார் செய்தார், எத்தனை நிமிடம். எங்கள் வீட்டு நிரலில் முதல் வாரம் என் பெயரும் மாமியின் பெயரும் மட்டுமே இருந்தன. பீப்பாய் கிளறும் வேலை இப்போது கணவருடையது.

ஆறு மாதம் கழித்து விற்றராசை மறுபடி வாங்கிவந்து நிறுத்தோம். வளவை விட்டு வெளியே போகும் குப்பை பதினாறரைக் கிலோவிலிருந்து மூன்றுக்குக் குறைந்திருந்தது. அந்த மூன்றில் போத்தலும் கடதாசியும் பழைய சாமான் வாங்க வருபவர் எடுத்துவிடுவார். எவரும் எடுக்காதது ஒன்று மிஞ்சுகிறது: பால்மாப் பைக்கற்று. பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒட்டிய அந்தத் தாளைப் பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. பசும்பாலுக்கு மாறலாம் என்றேன். மாமியின் தேநீருக்கு அது சரிவரவில்லை. ஆகவே கழுவிக் காயவைத்து, பின் அறையில் ஒரு சாக்கில் போட்டுவருகிறோம். விற்றராசைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்தச் சாக்கையும் கொளுவிப் பார்த்தேன். முப்பத்தொரு பைக்கற்று, சாக்கு வாய்வரை நிறைந்திருந்தது. காட்டி பூச்சியத்திலிருந்து மயிரிழை அளவே இறங்கியது. மகள் குனிந்து பார்த்து, கொப்பியில் எதை எழுதுவது என்று கேட்டாள்.